இறுதி ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது

புதன்கிழமைப் பின்னேரத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு பின் வரிசை வாங்கில் இருந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லிக் களைத்துவிட்டேன். உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. நீங்களும் பத்து வயதிலேயே வீட்டுக் கடிதங்களை வாசித்தவர்கள். வரிக் கடிதம், வாடகைக் கடிதம், நம்மைப் பற்றி நம் ஆசிரியை எழுதிய கடிதம் என்று எல்லாவற்றையும் குசினி மேசையடியில் நின்று உரத்து வாசித்து, தமிழாக்கி, வேண்டாததை விழுங்கிவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள். உங்களில் ஒருத்தி கணக்கில் ஆறுக்கு எடுத்த மூன்றரைப் புள்ளியை ஐந்து என்று மொழிபெயர்த்த கதை எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை, பயப்படாதே.

இப்போது முப்பதை எட்டிப் பார்க்கிறோம். போன மாதம் நம் குழுவில் இரண்டு பேர் முதுகுவலித் தைலத்தின் பெயரைப் பரிமாறிக்கொண்டதைப் பார்த்தேன். எனக்குக் காதோரத்தில் நாலைந்து வெள்ளை முடி வந்துவிட்டது. இந்த வயதில் ஒரு பொய்யைச் சுமப்பது பன்னிரண்டு வயதில் சுமந்ததைவிடக் கஷ்டமாக இருக்கிறது. இறக்கி வைக்கத்தான் எழுதுகிறேன்.

போர் முடிந்த அடுத்த வருடம். நாங்கள் சுவிஸில், பேர்ணுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் நாலாம் மாடியில் இருந்தோம். அந்த வருடக் கோடையில் எனக்கு ஒரே ஒரு பைத்தியம்தான் இருந்தது, பேஸ்போல். அந்தப் பைத்தியத்தில், ஓர் இறுதி ஆட்டத்துக்காக, அப்பா கேட்ட ஒரு கேள்விக்கு நான் ஒரு சொல்லில் பொய் சொன்னேன். அந்தச் சொல்லுக்கான தண்டனை என் சித்தப்பாவுக்குக் கிடைத்தது.

சித்தப்பா அந்த வருடத் தொடக்கத்து மாரிக் குளிரில் வந்து சேர்ந்தார். அப்பாவின் கடைசித் தம்பி. வன்னியில் கடைசி மாதம்வரை இருந்து, முகாமில் இருந்து, எப்படியோ வெளியே வந்து, எந்தெந்த நாட்டு வழியாகவோ பேர்ண் புகையிரத நிலையத்தில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றவர். அகதிக் கேஸ் கொடுத்தார். முடிவு வரும்வரை எங்களோடு இருக்கலாம் என்று அனுமதித்து ஓர் அட்டை கொடுத்தார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடிக்கடி தொட்டுப் பார்ப்பார்.

அவர் அதிகம் கதைக்க மாட்டார். என் அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் அப்பா அம்மாவின் அறையில் படுத்தேன். அதற்காக அவரை முதல் மாதம் முழுவதும் மனதுக்குள் திட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. புல்லில் கால் வைக்கவே மாட்டார். தார் போட்ட இடத்தில் மட்டும்தான் நடப்பார். பேருந்துத் தரிப்பிடத்துக்குப் போகும் குறுக்குப் பாதையில் பத்தடிப் புல்வெளி இருந்தது. அதைத் தவிர்க்க அவர் கட்டடத்தைச் சுற்றி வருவார். நான் கெக்கலி கொட்டிச் சிரிப்பேன். அம்மா ஒரு நாள் என் காதைத் திருகி, "அங்க புல்லுக்குள்ள என்ன கிடந்தது எண்டு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நானும் அவரோடு சுற்றிப் போனேன்.

வைகாசி மாதம் ஒரு பின்னேரம் நாங்கள் இருவரும் கடைக்குப் போய்விட்டு விளையாட்டு மைதான வேலியோரம் வந்துகொண்டிருந்தோம். உள்ளே நீலத் தொப்பி போட்ட ஆட்கள் மட்டையும் பந்துமாக நின்றார்கள். டொக் என்று ஒரு சத்தம். சித்தப்பாவின் உடம்பு ஒருமுறை குலுங்கியது. அடுத்த கணம் வேலிக்கு மேலால் ஒரு வெள்ளைப் பந்து வந்தது. வலது கையில் வெங்காயப் பை. இடக் கையை மட்டும் உயர்த்தி, வெறுங்கையால், அந்தக் கல்லுப் பந்தைப் பிடித்தார். பையை என்னிடம் தந்துவிட்டு வலக் கையால் திருப்பி எறிந்தார். அது வேலியைத் தாண்டி, அரை மைதானத்தைத் தாண்டி, பந்தெறிபவனின் நெஞ்சுக்கு நேரே போய் இறங்கியது.

உள்ளே எல்லாரும் வேலிப் பக்கம் திரும்பினார்கள். பிறகு பயிற்றுநர் வேலியை நோக்கி ஓடி வந்தார். கியூபாவிலிருந்து வந்து சுவிஸ்காரியைக் கட்டியவர். அவருடைய ஜெர்மன் என் அம்மாவின் ஜெர்மனைவிட மோசம். "யார் இவர்? எங்கே விளையாடினார்?" என்று என்னிடம் கேட்டார்.

"சித்தப்பா, எங்க விளையாடினீங்கள் எண்டு கேக்கிறார்."

"பள்ளிக்கூடத்தில எல்லே எண்டொரு விளையாட்டு விளையாடினனான் எண்டு சொல்லு. மாவட்டம்வரைக்கும் போனது."

எல்லே என்றால் என்ன என்று எனக்கே தெரியாது. தடியால் பந்தை அடித்துவிட்டு மூலை மூலையாக ஓடுவது என்று அவர் கையால் காட்ட, பயிற்றுநர் தலையில் கை வைத்துச் சிரித்தார். "அதுதான் இது! அதேதான் இது!" என்று கத்திக்கொண்டு வேலிக் கதவைத் திறந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் முழுக்கப் புல். சித்தப்பா நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு ஒரு காலை வைத்தார், மற்றதையும் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. வெங்காயப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதேதான் இது என்று பயிற்றுநர் சொன்னது முழுக்கச் சரியில்லை. எல்லேயில் ஓடுகிறவனைப் பந்தால் எறிந்து அடித்தால் அவன் அவுட். பேஸ்போலில் அப்படிச் செய்தால் ஆம்புலன்ஸ்தான் கூப்பிட வேண்டும். முதல் பயிற்சியிலேயே சித்தப்பா பந்தைப் பொறுக்கி, ஓடிக்கொண்டிருந்த ஒரு வங்கி ஊழியரின் முதுகில் குறி தப்பாமல் போட்டார். மனிதர் குப்புற விழுந்தார். சித்தப்பா மட்டும் இரண்டு கையையும் உயர்த்தி, "அவுட்!" என்றார். மன்னிப்புக் கேட்டு மொழிபெயர்த்து எனக்கு நாக்கு வறண்டது.

அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் பயிற்சி. நான் மொழிபெயர்ப்பாளர் என்ற சாக்கில் கூடவே போனேன். பழைய தோல் கையுறையின் வாசம், ஈர மண்ணும் சுண்ணாம்புக் கோடும் கலந்த வாசம், இரும்பு வாங்கின் குளிர், எல்லாம் இப்போதும் மூக்கிலும் தொடையிலும் இருக்கிறது. ஒரு கோடு போட்ட கொப்பியில் எல்லா ஆட்டத்தின் கணக்கையும் எழுதினேன். அப்பாவுக்கு விதிகளைப் படிப்பித்தேன். "கிரிக்கெட்டைக் கெடுத்து வச்சிருக்கிறாங்கள்" என்று அவர் ஒவ்வொரு தரமும் சொல்வார். ஆனாலும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை முடிந்து, சூப் வாசத்தோடு நேரே மைதானத்துக்கு வந்து நிற்பார். சித்தப்பா வீட்டில் சிரிக்கத் தொடங்கினார். அம்மாவிடம் "அண்ணி, இன்னும் ரெண்டு புட்டுப் போடுங்கோ" என்று கேட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

எங்களுக்கு ஓர் எதிரி அணி இருந்தது. சூரிச் பக்கத்து அணி, சிவப்புத் தொப்பிக்காரர். அவர்களிடம் ஒரு பந்தெறிபவன். நான் அவனுக்கு வைத்த பெயர் நெட்டையன். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், தூங்குமூஞ்சி, எறியும்போது மட்டும் கண் திறக்கும். அந்த வருடம் மூன்று தரம் சந்தித்தோம், மூன்று தரமும் தோற்றோம். மூன்றாம் தரம் தோற்றபோது நான் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. அந்த நெட்டையனை நான் வெறுத்த அளவுக்கு வாழ்க்கையில் பிறகு ஒருவரையும் வெறுத்ததில்லை. ஆவணி முடிவில் இரண்டு அணிகளும் இறுதி ஆட்டத்துக்கு வந்தன. புரட்டாதி முதல் சனிக்கிழமை, அவர்களுடைய மைதானத்தில்.

நாட்காட்டியில் அந்தத் தாளை மடித்து வைத்தேன். ஒவ்வொரு காலையும் ஒரு தாளைக் கிழிப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடக்கும்போதும் நெட்டையனின் கை பின்னால் போய் வருவதுதான் கண்ணில் தெரியும். சித்தப்பா இல்லாவிட்டால் எங்கள் அணி சீட்டுக்கட்டாகச் சரியும் என்று எனக்குத் தெரியும். அவருக்குக் காய்ச்சல் வந்துவிடக் கூடாது, கால் பிசகிவிடக் கூடாது, மனம் உடைந்துவிடக் கூடாது என்று தினமும் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று ஒப்பந்தம் பேசினேன்.

இறுதி ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. வியாழக்கிழமை. தபால் பெட்டித் திறப்பு ஒரு சாவிக் கயிற்றில் என் கழுத்தில் தொங்கும், உங்களுக்கும் அப்படித்தான். விளம்பரத் தாள்களுக்கு நடுவில் ஒரு மஞ்சள் துண்டு இருந்தது. பதிவுத் தபால் வந்தது, வீட்டில் ஆள் இல்லை, தபால் கந்தோரில் வந்து எடுக்கவும் என்று சொல்லும் துண்டு. அதற்குக் கீழே சித்தப்பாவின் பெயர். அனுப்பியவர் என்ற இடத்தில், பேர்ணில் கேஸ்களைப் பார்க்கும் அலுவலகம். கீழே தடித்த எழுத்தில் ஒரு திகதி. அடுத்த வியாழக்கிழமைவரை எடுக்கலாம், பிறகு அனுப்பியவருக்கே திரும்பும். படியேறி நாலாம் மாடிக்கு வருவதற்குள் அதை ஆறு தரம் வாசித்துவிட்டேன்.

சித்தப்பா வீட்டில் இல்லை. அப்பா குசினியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதிக் கிடக்கு?"

"சித்தப்பாவுக்கு ரெஜிஸ்டர் கடிதமாம். போஸ்டில வந்து எடுக்கட்டாம். கேஸ் பாக்கிற இடத்தில இருந்து."

அம்மா அடுப்பை நிற்பாட்டினார். ஜன்னலுக்கு வெளியே காகம் ஒன்று தொண்டை கிழியக் கத்தியது.

"ரெண்டாந்தரம் விசாரிக்கக் கூப்பிடேல்ல, அதுக்குள்ள கடிதம்" என்றார் அப்பா. "நெகற்றிவோ தெரியேல்ல."

"உடைக்க முதல் ஏன் வாயால சொல்லுறியள்? தம்பிக்கு அட்டமத்துச் சனி நடக்குது. வாற கிழமை புரட்டாதிச் சனி. கோயிலில எள்ளெண்ணெய் எரிச்சுப்போட்டு எடுப்பம்."

எங்கள் வீட்டில் பெரிய கடிதங்களுக்கு ஒரு முறை இருந்தது. அப்பாவின் சொந்தக் கேஸ் கடிதம் வந்தபோது அவர் அதை உடைக்காமல் ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் முருகன் படத்தடியில் வைத்திருந்தாராம். சனிக்கிழமை காலையில் உடைத்தாராம். பொசிற்றிவ், கேஸ் ஏற்கப்பட்டிருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பெரிய கடிதமும் நல்ல நாள் பார்க்காமல் உடைபட்டதில்லை. உங்கள் வீடுகளிலும் சில கடிதங்கள் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் காத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"ஆட்டமும் அண்டைக்குத்தானே" என்றார் அப்பா. "பெடியன் இப்பத்தான் ஆள் மாதிரித் திரியிறான். அதுவரைக்கும் சந்தோசமா இருக்கட்டும். கடிதம் எங்க ஓடப் போகுது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "அவசரமோ? திகதி ஏதும் போட்டிருக்கோ பிள்ளை?"

அவருடைய கண்ணாடி குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருந்தது. எட்டி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கடிதம் என்று வந்தால் கண்ணாடியைவிட என்னைத்தான் நம்புவார். கடிதத்தை எடுத்தால் சித்தப்பா உடைந்துபோவார், உடைந்தால் விளையாட மாட்டார், நெட்டையன் நாலாம் தரமும் சிரிப்பான். என் மூளையில் இருந்தது இவ்வளவுதான்.

"இல்லை" என்றேன்.

அப்பா துண்டை வாங்கி முருகன் படத்துக்குப் பின்னால் செருகினார். ஒரு மஞ்சள் மூலை மட்டும் வெளியே தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு கிழமையைப் போல ஒன்று எனக்குத் திரும்ப வரக் கூடாது. மழை பிடித்துக்கொண்டது. பனிமூட்டம் இறங்கி எதிர்க் கட்டடத்தை மறைத்தது. நான் காலையில் தாள் கிழிக்கும்போது இரண்டு நாளை எண்ணினேன், ஒன்று ஆட்டம், மற்றது வியாழன். செவ்வாய்ப் பயிற்சியில் சித்தப்பாவின் மட்டை கைப்பிடியில் வெடித்துப் பிளந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சகுனம் சரியில்லைப் பிள்ளை" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் நான் இருக்கும் கதிரை முருகன் படத்துக்கு நேரெதிர். மஞ்சள் மூலையைப் பார்த்துக்கொண்டே சோறு விழுங்கினேன். அம்மா என் நெற்றியைத் தொட்டு, "ஆட்டம் ஆட்டம் எண்டு இவளுக்குக் காய்ச்சல் வரப் போகுது" என்றார். பெரியவர்கள் எவ்வளவு சுலபமாக ஏமாந்தார்கள் என்று இப்போது நினைக்கக் கோபம் வருகிறது. என்னில்தான் வர வேண்டும், அவர்களிலும் கொஞ்சம் வருகிறது.

வியாழக்கிழமை காலையில், ஒருவரும் பார்க்காதபோது, அந்தத் துண்டை உருவி வாசிப்புப் புத்தகத்துக்குள் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனேன். சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். பள்ளிக்கூடம் முடிந்து தபால் கந்தோர் வாசலுக்கு வரும்போது ஐந்தரை. ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே இரண்டே பேர் நின்றது தெரிந்தது. புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பிள்ளை, இஞ்ச நிக்கிறாய்?"

சித்தப்பா. பயிற்சிக்குப் போகும் வழி. நீலத் தொப்பி, தோளில் பை, கக்கத்தில் கையுறை. கடிதத்தை எடுக்கக் காட்ட வேண்டிய அட்டை அவருடைய சட்டைப் பையில் இருந்தது. கதவு ஆறடி தூரத்தில். துண்டு என் புத்தகத்துக்குள். எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டது, நான் வாயைத் திறந்தால் போதும்.

"ஒண்டுமில்லை" என்றேன்.

அவர் என்னையும் புத்தகத்தையும் பார்த்தார். தபால் கந்தோர்க் கதவைப் பார்த்தார். "அப்ப வா, நேரம் போகுது" என்றார். நான் போனேன்.

அன்றைய பயிற்சியில் அவர் எறிந்த பந்து ஒவ்வொன்றும் கையுறையில் வெடித்தது. பயிற்றுநர் கைகளை விரித்து, "சனிக்கிழமை! சனிக்கிழமை!" என்று ஆடினார். தேவாலய மணி ஆறு அடித்தது. ஒவ்வொரு அடியையும் எண்ணினேன். ஆறாவது அடிக்குப் பிறகு மைதானம் முழுவதும் குளிர்ந்துவிட்டதாக உணர்ந்தேன். வீட்டுக்கு வந்து துண்டை இருந்த இடத்திலேயே செருகினேன்.

சனிக்கிழமை காலை கோயில். எல்லாச் சமயமும் ஒரே கூரைக்குள் என்று இப்போது பேர்ணில் இருக்கும் கட்டடம் அப்போது இல்லை. வாடகைக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளம்தான் கோயில். புகை எழுந்தால் கூரையில் இருக்கும் கருவி கூச்சலிடும், அதனால் எள்ளெண்ணெய்ச் சட்டியை வெளியே கார் நிறுத்தும் இடத்தில், ஓர் அலுமினியத் தட்டில் வைத்து எரிப்பார்கள். கறுப்புத் துணியில் கட்டிய எள்ளுப் பொட்டலத்தை எண்ணெயில் வைத்துச் சித்தப்பா கொளுத்தினார். காற்று அணைத்தது. திரும்பக் கொளுத்தினார். திரும்ப அணைந்தது. அம்மா சேலையை விரித்து மறைப்புப் பிடித்தார், அப்பா குடை பிடித்தார். மூன்றாம் தரம் பிடித்து, கரும்புகையாக எரிந்தது. "சரி, இனிப் பயமில்லை" என்றார் அம்மா. நான் மட்டும் வியாழன் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு கும்பிட்டேன்.

பின்னேரம் ஆட்டம். இத்தனை நாள் காத்திருந்த ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது அவ்வளவு நல்ல ஆட்டம். நெட்டையன் அன்று மனிதன் மாதிரி எறியவில்லை. ஆனாலும் சித்தப்பா அவன் எறிந்ததை இரண்டு தரம் அடித்தார், இரண்டாம் தரம் பந்து மரங்களுக்கு அப்பால் போனது. கடைசி முறைக்கு வரும்போது எங்களுக்கு ஐந்து, அவர்களுக்கு நாலு. அவர்கள் அடிக்க வேண்டும். இரண்டு பேர் அவுட். இரண்டாம் மூலையில் ஒருவன் ஓடத் தயாராக நிற்கிறான். ஓட்டம் முடியும் வீட்டுத் தட்டை அவன் தொட்டால் சமம்.

டொக். பந்து தரையோடு பாய்ந்து, தூரத்தில் நின்ற சித்தப்பாவிடம் போனது. ஓடுகிறவன் மூன்றாம் மூலையைச் சுற்றிவிட்டான். சித்தப்பா பந்தைப் பொறுக்கி நிமிர்ந்தார். அவருடைய கண் ஓடுகிறவனின் முதுகில் இருந்ததை நான் பார்த்தேன். எல்லேக் கண். எறிஞ்சிடாதேங்கோ, ஆளுக்கு எறிஞ்சிடாதேங்கோ சித்தப்பா என்று என் உதடு தானாக அசைந்தது. பக்கத்தில் அப்பா என் தோளை நசுக்கினார். அந்த வலக் கை பின்னால் போய் வந்தது. பந்து முதுகைத் தாண்டி, ஒரு தடவைகூட நிலத்தில் படாமல், தட்டடியில் குந்தியிருந்த எங்கள் ஆளின் கையுறைக்குள் போனது. ஓடி வந்தவன் அதிலேயே வந்து மோதினான். அவுட்.

வங்கி ஊழியர்தான் முதலில் ஓடிப்போய்ச் சித்தப்பாவைத் தூக்கினார். அப்பா அழுதார். அம்மா கொண்டுவந்த ரோல்ஸை கியூபாக்காரர் இரண்டு கையாலும் சாப்பிட்டார். நெட்டையன் வந்து தன் தொப்பியைக் கழற்றிச் சித்தப்பாவின் தலையில் வைத்தான். அந்த நேரம் எடுத்த படம் இன்னும் இருக்கிறது. எல்லாரும் வாய் நிறையச் சிரிக்கிறார்கள். நான் மட்டும் கமராவைப் பார்க்கவில்லை. ஆட்டப் பந்தைச் சித்தப்பா எனக்குத் தந்தார். பிறகு வீடு மாறும்போது அது எந்தப் பெட்டியில் போனதென்று தெரியாமல் தொலைந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அவரிடம் கடிதம் வந்த விசயத்தைச் சொன்னார். சித்தப்பா, "ஓ" என்றார், அவ்வளவுதான். திங்கட்கிழமை அப்பா, சித்தப்பா, நான் மூவரும் தபால் கந்தோருக்குப் போனோம். அங்கே இருந்த பெண் துண்டைப் பார்த்துவிட்டு, கடிதம் வெள்ளிக்கிழமையே திரும்பிப் போய்விட்டது என்றாள். பேனா முனையால் அந்தத் திகதியைத் தட்டிக் காட்டினாள்.

"என்ன காட்டுறா?" என்றார் அப்பா.

"அடுத்த முறை கெதியா வரட்டாம்."

"திருப்பி எங்களுக்கு அனுப்புவினம்தானே" என்றார் அப்பா. அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்கலாமா என்று அம்மா கேட்டபோது, "நாங்களாப் போய் நெகற்றிவைக் கேட்டு வாங்கிறதோ?" என்று தடுத்துவிட்டார். வராத கடிதம் கெட்ட செய்தி சொல்லாது என்று நம்பினோம். புரட்டாதியும் ஐப்பசியும் அப்படியே போயின. அம்மா மிச்சச் சனிக்கிழமைகளிலும் எண்ணெய் எரித்தார்.

பிறகு சாதாரணத் தபாலில் ஒன்று வந்தது. அதற்கு நல்ல நாள் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்ன திகதிக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும். அகதிகளுக்கு ஆலோசனை சொல்லும் இடம் ஒன்றுக்கு ஓடினோம். அங்கே இருந்த நரைத்த தலைப் பெண் மிகப் பொறுமையாக விளக்கினாள். பதிவுத் தபால் ஏழு நாள் எடுக்கப்படாமல் கிடந்தால், கையில் கொடுத்ததாகத்தான் கணக்கு. அன்றிலிருந்து முறையீடு செய்ய முப்பது நாள். அந்த முப்பது நாளும் முடிந்துவிட்டது. "முறையீடு செய்திருந்தால் நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்" என்றாள். அன்று நான் ஒரு சொல்லையும் விழுங்காமல் மொழிபெயர்த்தேன்.

அவள் மஞ்சள் துண்டை எடுத்து, திகதிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டு அப்பாவிடம் நீட்டினாள். அப்பா பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்த இலக்கங்களை நெடுநேரம் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் திரும்புவார், திரும்புவார் என்று நின்றேன்.

"நான் கண்ணாடியைப் போட்டிருக்க வேணும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த எந்தக் கடிதத்தையும் அவர் என்னிடம் தந்ததில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அவரே வாசிப்பார். அடித்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

தை மாதம் ஒரு காலை, நான் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது, பொலிஸார் இருவர் வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். வாசலில் கால் துடைத்தார்கள். சித்தப்பா நீலத் தொப்பியைக் கொளுவியிலிருந்து எடுத்து என் தலையில் வைத்துவிட்டு, "கொப்பியில எழுதிக்கொண்டே இரு" என்றார். நாலாம் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். வாகனம் நின்ற இடத்துக்குக் குறுக்கே பத்தடிப் புல்வெளி, பனி மூடிக் கிடந்தது. பொலிஸார் அதில் இறங்கினார்கள். அவரும் தயங்காமல் நடந்து போனார்.

கொழும்பில் இறங்கியதும் அங்கே காத்திருந்தவர்கள் விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். எங்கே, எத்தனை நாள், என்ன செய்தார்கள் என்று அவர் சொன்னதில்லை. எட்டு மாதம் செய்தி இல்லை. பிறகு வந்தது. இப்போது வவுனியாவில் மனைவியோடு இருக்கிறார். வீடியோவில் கதைக்கும்போது போனை எப்போதும் இடக் கையால்தான் பிடிப்பார். வலக் கை தோளுக்கு மேலே எழும்பாது. தலை வாருவதும் அவர் மனைவிதான்.

போன மாதம் ஒரு ஞாயிறு அவர் தனியாக இருந்தார். நானும் தனியாக இருந்தேன். கேட்காமலே சொல்லிவிட்டேன். அந்த மஞ்சள் துண்டு, அதிலிருந்த திகதி, அப்பா கேட்டது, நான் "இல்லை" என்றது, தபால் கந்தோர் வாசல் எல்லாவற்றையும். சொல்லி முடித்தபோது மூக்கால் வடிந்துகொண்டிருந்தது.

சித்தப்பாவுக்குப் பின்னால் எங்கேயோ ஓர் ஓட்டோ போனது.

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார். "அண்டைக்கு வாசலில நிக்கேக்க உன்ர புத்தகத்துக்குள்ளால மஞ்சள் துண்டு தெரிஞ்சது. என்ர பேர் எனக்கு வாசிக்கத் தெரியாதோ? திகதியும் கண்டனான்."

"அப்ப ஏன் சித்தப்பா எடுக்கேல்ல?"

"சனிக்கிழமை விளையாட வேணும் எண்டு இருந்தது. எடுத்தா அண்ணையின்ர முகத்தைப் பாக்க வேணும், அண்ணி அழுவா. கடிதம் எங்க ஓடப் போகுது எண்டு நானும்தான் நினைச்சன்." பிறகு சிரித்தார். "நல்ல ஆட்டம், என்ன?"

அவர் உண்மையாகவே பார்த்தாரா, என்னை ஆற்றுவதற்காக அந்த இடத்திலேயே கட்டிச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அந்தத் துண்டில் பெயரும் திகதியும் கீழ்ப் பக்கத்தில் இருந்தன, புத்தகத்துக்கு வெளியே தெரிந்தது மேல் நுனி மட்டும்தான் என்று எனக்கு ஞாபகம். என் ஞாபகமும் பிழையாக இருக்கலாம். பிழையாக இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன்.

"உவன் நெட்டையன்" என்றார் சித்தப்பா, போனை இடக் கையில் சரிசெய்துகொண்டு. "இப்பவும் எறியிறானோ?"

அந்த மைதானப் பக்கம் நான் போய்ப் பதினைந்து வருடம் ஆகப் போகிறது. கொப்பியில் அந்த இறுதி ஆட்டத்துக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. நெட்டையன் உயிரோடு இருக்கிறானா என்றே எனக்குத் தெரியாது.

"ஓம்" என்றேன். "இப்பவும் எறியிறான்."